பத்து கிலோமீட்டர்தானே, நைனா!

நாளைக்கு உனக்கு ஓய்வு நாளாமே, நைனா. பேத்தமங்கலத்துல ராத்திரி தங்கறே, காலையில எழுந்து ராபர்ட்சன்பேட்டைக்கு வரப்போறே. பத்து கிலோமீட்டர் சுமாருக்கு நடை. அப்பால லாட்ஜ், குளியல், பிரியாணி, தூக்கம். நந்தி மலைப் பக்கத்துலருந்து பாலாத்தைப் புடிச்சுக்கினு நாளுக்கு முப்பது கிலோமீட்டர் நடந்து வந்தவனுக்கு இது இன்னா பெரிய விஷயம்னு போன்ல சிரிச்சே. சிரி. வயசு இருக்குது, பல்லு இருக்குது. ஆனா ஒண்ணு சொல்றேன், காதுல வாங்கிக்கோ: முப்பது கிலோமீட்டர் நாள் எவனையும் கெடுத்தது இல்ல. கெடுக்கறதெல்லாம் இந்தப் பத்து கிலோமீட்டர் நாள்தான்.

ஏன்னு கேளு. நீளமான நாள்ல ரோடு உன்னை மேய்க்கும். வெயில் ஏறங்காட்டியும் இவ்வளவு தூரம் தாண்டணும், தண்ணி இங்க புடிக்கணும், இருட்டறதுக்குள்ள அங்க சேரணும்னு அதுவே கணக்குப் போட்டு உன்னைத் தள்ளிக்கினு போவும். நீ புத்திசாலியா இருக்கணும்னு அவசியமே இல்ல. காலு இருந்தாப் போதும். சின்ன நாள்ல மேய்க்கறதுக்கு யாரும் கிடையாது. உன்னை நீயே மேய்ச்சுக்கணும். அது எவ்வளவு கஷ்டமான வேலைன்னு உங்க அம்மாவைக் கேளு, கண்ணுல தண்ணியோட சொல்லுவாங்க.

மொத புத்தி, கிளம்பற நேரம். ஏழு மணிக்குக் கண்ணைத் தொறப்பே. பத்துதானேன்னு திரும்பவும் மூடுவே. எட்டு மணிக்கு ஒரு டீ. பத்துதானேன்னு இன்னொரு டீ. டீக்கடை பெஞ்சுல உக்காந்திருக்கற பெரியவர் தன்னோட மருமவன் கதையை ஆரம்பிப்பார். பத்துதானே, முழுசாக் கேட்டுட்டே போலாம்னு தோணும். மருமவன் கதைக்கு முடிவே கிடையாதுங்கறது உனக்குக் கல்யாணம் ஆனாத்தான் தெரியும். ஒருவழியா பையைத் தோள்ல மாட்டறப்போ மணி பதினொண்ணு. எங்க கோலார் தங்கவயல் கடல் மட்டத்துக்கு 800 மீட்டருக்கு மேல இருக்குது, குளுகுளுன்னு இருக்கும்னு எங்கியாவது படிச்சிருப்பே. காத்து குளிர்ச்சிதான், இல்லன்னு சொல்லல. ஆனா மேல நிக்கற சூரியனுக்கு அந்தச் சேதி இன்னும் போய்ச் சேரல. முப்பது நடந்தவன் பத்துல சுருண்டு படுத்தான்னு பேர் வாங்காத. விடியறதுக்கு முன்னாடி கிளம்பு. ஒன்பது மணிக்குள்ள ஊருக்குள்ள இரு. காலும் மிச்சம் இருக்கும், கண்ணும் மிச்சம் இருக்கும், ஒரு முழு பகலும் உன் பாக்கெட்ல இருக்கும்.

இது நான் கண்டுபுடிச்ச தத்துவம் இல்ல. நடக்கறதையே தொழிலா வச்சிருக்கற ஜனத்துக்கு எப்பவோ தெரிஞ்ச சங்கதி. மகாராஷ்டிரத்துல ஆளந்தியிலருந்து பண்டரிபுரத்துக்கு ஞானேஸ்வரர் பல்லக்கோட வார்க்கரிங்கன்னு லட்சக்கணக்கான பேரு மூணு வாரம் போல நடக்கறாங்க இல்ல? தேஹுவுலருந்து துக்காராம் பல்லக்கும் வருது. எல்லாப் பல்லக்கும் கடைசியில வாகரிங்கற ஊர்ல வந்து கூடும். அங்கருந்து பண்டரிபுரம் பத்து கிலோமீட்டர்கூட இல்ல. மூணு வாரம் நடந்த காலுக்கு அது ஒரு தூரமா? ஒரே மூச்சுல போயிட முடியாதா? முடியும். போகமாட்டாங்க. ராத்திரி அங்கியே தங்கி, மறுநாள் ஆடிப் பாடிக்கினு ஊருக்குள்ள நுழைவாங்க. சாமியைப் பாக்கப் போறவன் களைச்சுப்போன மூஞ்சியோட போகக்கூடாதுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்குது.

ஸ்பெயின் தேசத்துல சந்தியாகப்பர் கல்லறைக்கு நடக்கற கூட்டமும் அப்படித்தான். நூத்துக்கணக்கான கிலோமீட்டர் மலையேறி இறங்கி வர்றாங்க. ஊருக்கு ஒரு அஞ்சு கிலோமீட்டர் முன்னாடி மோந்தே தோ கோசோன்னு ஒரு மேடு. கோயில் கோபுரத்தை ஜனங்க மொதல்ல பாக்கற இடம்னு அதுக்குப் பேரு. அங்க தங்கிட்டு, காலையில கழுவின முகத்தோட உள்ள போறவங்க நிறைய பேரு. வெள்ளைக்காரனும் வார்க்கரியும் ஒரே புத்தியில இருக்கறப்போ, ஆண்டர்சன்பேட்டைக் கிழவன் சொல்றதை மட்டும் நீ தட்டப் போறியா?

ரெண்டாவது, ரோடு. நீ வரப்போற வழி சாதாரண வழி இல்ல. அதுல நடந்த மொத ஆள் நீ இல்ல, தண்ணி. பேத்தமங்கலத்துல பாலாத்தைத் தேக்கி, அங்கருந்து குழாய்ல தங்கவயலுக்குத் தண்ணி கொண்டாந்தாங்க. நூறு வருஷத்துக்கும் மேல ஆவுது. ஆத்தை விட்டு விலகி ஊருக்கு ஏறி வரணும்னு நீ இன்னைக்கு யோசிக்கறதை, அந்தத் தண்ணி அன்னைக்கே யோசிச்சிடுச்சு. அதுவும் உன்னை மாதிரி கூகுள் பாத்துக்கினு வரல.

ஆத்தைப் பத்தி ஒரு வார்த்தை. மொத்தம் 348 கிலோமீட்டர் நீளம். கர்நாடகத்துல 93, ஆந்திராவுல 33, மிச்சம் 222 தமிழ்நாட்டுல, வயலூர்கிட்ட கடல் வரைக்கும். மூணு ராஜ்ஜியமும் ஆளுக்கு ஒரு பக்கம் புடிச்சு இழுக்கற ஆறு அது. மதராசுக்கும் மைசூருக்கும் 1892-லயே ஒப்பந்தம் எழுதினாங்க. எழுதின காயிதம் இன்னும் ஈரமா இருக்குது, ஆறுதான் காஞ்சு கிடக்குது. 2021 நவம்பர்ல மழை கொட்டி வெள்ளம் வந்தப்போ வேலூர் பக்கம் ஜனங்க பாலத்து மேல நின்னு ஆத்தை வேடிக்கை பாத்தாங்க. நம்ப ஆத்துல தண்ணி ஓடறது அவ்வளவு பெரிய விசேஷம். அது ஓடிக்கினே இருந்தா நீ இப்போ மணல்ல நடந்து வந்திருக்க முடியுமா? அதனால ஒப்பந்தம் போட்டவங்களுக்கு உன் சார்புல ஒரு நன்றி சொல்லிக்கோ.

கோலார் பக்கத்து ஏரிங்க எல்லாம் நிறைஞ்சிருக்குது தாத்தா, தண்ணி தளும்புதுன்னு போட்டோ அனுப்பினே. பாத்தேன், அழகா இருக்குது. 2018-லருந்து பெங்களூரு சாக்கடையைச் சுத்தம் பண்ணி நம்ப ஜில்லா ஏரிக்கு அனுப்பறாங்க. போட்டோ புடி, கொக்கு பாரு, கவிதை எழுது. பாட்டில்ல மட்டும் புடிக்காத. ஐ.டி. கம்பெனிக்காரன் குளிச்ச தண்ணியில முகம் கழுவினா வேலை கிடைக்கும்னு எங்கியும் எழுதி வைக்கல.

மூணாவது புத்தி கொஞ்சம் கள்ளத்தனமானது. வழியில உன்னை நிறுத்தி, ‘எங்க போறே, ஏன் நடக்கறே, வண்டி இல்லியா’ன்னு கேப்பாங்க. ‘ஹைக்கிங்’னு சொன்னா சொத்துத் தகராறுல வீட்டை விட்டு வந்தவன்னு நினைப்பாங்க. ‘உடம்புக்கு நல்லது’ன்னு சொன்னா உனக்குச் சர்க்கரைன்னு முடிவு பண்ணி, பாவக்கா ஜூஸ் வைத்தியம் சொல்ல ஆரம்பிச்சிடுவாங்க. ‘ஆத்தைப் பத்தித் தெரிஞ்சுக்க’ன்னு சொன்னா நிலத்தை அளக்க வந்த சர்வேக்காரன்னு ஊரே கூடும். ஒரே வார்த்தை, ‘வேண்டுதல்’. முடிஞ்சுது. மோர் வரும், நிழல்ல கட்டில் வரும், ‘பாத்துப் போ சாமி’ன்னு கும்பிடும் வரும். திருப்பதிக்கு நடந்து போறவங்களைப் பாத்துப் பழகின ஜனம் இது. பொய் சொல்லச் சொல்றேன்னு நினைக்காத. எந்த சாமிக்குன்னு கேட்டா, பாலாத்துக்குன்னு சொல்லு. அதுல ஒரு எழுத்து பொய் கிடையாது. அந்த ஆத்துக்காக யாராவது வேண்டிக்கத்தான் வேணும்.

ஊரை நெருங்கறப்போ சாம்பல் நிறத்துல மேடு மேடாத் தெரியும். மலைன்னு ஏமாறாத. சைனைடு மேடு. கல்லை அரைச்சு, சைனைடு போட்டுத் தங்கத்தை எடுத்துக்கினு, மிச்சத்தை எங்க தலைமாட்டுல கொட்டி வச்சுட்டுப் போன மண்ணு. நூத்தி இருவது வருஷத்துல 800 டன்னுக்கு மேல தங்கம் போச்சு. எங்களுக்கு நின்னது இந்த மண்ணு. நல்ல பங்கு பிரிச்சாங்க, இல்ல? காத்து அடிச்சா இந்த மண்ணு பறந்து வந்து சோத்துலயே உக்காரும். துண்டால மூக்கைக் கட்டிக்கோ. மேல ஏறி செல்ஃபி எடுக்கணும்னு கை அரிக்கும். 2018-ல வந்த சினிமாவுக்கு அங்க செட்டுப் போட்டு எடுத்தாங்க. அன்னைலருந்து வர்ற பசங்க எல்லாம் ‘ராக்கி பாய் சுரங்கம் எங்க தாத்தா’ன்னு கேக்கறாங்க. நானும் கையைக் காட்டி நேரா போகச் சொல்லிடறேன். நேரா போனா பங்காருபேட்டை. அங்க பானிபூரி நல்லா இருக்கும். போனவன் எவனும் திரும்பி வந்து திட்டல, திருப்தியாத்தான் போயிருக்கான்.

சிரிச்சது போதும், இதை மட்டும் விளையாட்டா எடுத்துக்காத. மூடின ஷாஃப்ட் பக்கம் வேலி தாண்டிப் போகாத. கீழ வெறும் பள்ளம் இல்ல. சாம்பியன் ரீஃப் மைன் மூணு கிலோமீட்டருக்கு மேல ஆழம். நீ நாளைக்கு நடக்கற தூரத்துல மூணுல ஒரு பங்கை நட்டுக்குத்தா நிறுத்திப் பாரு, அதான் நாங்க வேலைக்குப் போன வழி. கேஜ்ல இறங்கி, அங்கருந்து நடந்து, இன்னொரு கேஜ் ஏறி இன்னும் கீழ. பாறையைத் தொட்டாச் சுடும். ‘ஏர் பிளாஸ்ட்’ வந்தா மேல லைன் வீட்டுல பாத்திரம் உருளும். உருண்ட சத்தம் கேட்டுப் பொம்பளைங்க ஷாஃப்ட் வாசலுக்கு ஓடுவாங்க. அவங்க ஓடின தூரம் ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது. அதைவிட நீளமான நடையை எவனும் நடந்தது இல்ல.

சரி, நீ நடக்கறதுக்கு வருவோம். இந்த ஊருக்கு நடந்து வந்த என் பாட்டன் கதை தெரியுமா? ஜான் டெய்லர் கம்பெனி 1880-ல இங்க கால் வச்ச அப்பால, வடார்க்காட்டுலருந்தும் சேலத்துப் பக்கத்துலருந்தும் ஆளுங்களை மேஸ்திரிங்க கூட்டியாந்தாங்க. அப்போ ரயிலு பங்காருபேட்டை வரைக்கும்தான். பௌரிங்பேட்டைன்னு வெள்ளைக்காரன் பேரு அதுக்கு. மாரிக்குப்பம் கிளை 1894-லதான் வந்துச்சு. அதுக்கு முன்னாடி வந்தவன் ரயிலை விட்டு இறங்கினா, காலு, இல்லன்னா கட்டை வண்டி. பதினாறு கிலோமீட்டர் சுமாரு. உன் கணக்குல அதுவும் லேசான நாள்தான். மூட்டை, பொண்டாட்டி, இடுப்புல குழந்தை, மேஸ்திரிகிட்ட வாங்கின முன்பணக் கடன், இவ்வளவுதான் சுமை. உன் பையில இருக்கற மாதிரி மடக்கற நாற்காலி கிடையாது. நம்ப வீட்டுல சொல்லக் கேட்டது, பாட்டன் பொழுது சாய வந்து சேர்ந்தார், மறுநாள் சங்கு ஊதினதும் கீழ இறங்கிட்டார். ஊரு எப்படி இருக்கும்னு அவருக்கு ஞாயித்துக்கிழமைதான் தெரிஞ்சுது. வெளிச்சத்துல நடந்து வந்து, வெளிச்சத்துலயே ஊரைப் பாக்கற பாக்கியம் நம்ப வம்சத்துல மொத மொத உனக்குத்தான் கிடைச்சிருக்குது. அதைப் பதினொரு மணி வரைக்கும் தூங்கித் தொலைக்காதன்னுதான் இவ்வளவு நேரம் கத்தறேன்.

இன்னொரு வேடிக்கை. நீ உள்ள வர்ற நேரத்துக்கு ஊரு வெளிய போயிருக்கும். 2001 பிப்ரவரி 28-ல மைனை மூடினாங்க. அப்பலருந்து எங்க ஊரு பசங்களுக்கு வேலை பெங்களூருல. விடியறதுக்கு முன்னாடியே மாரிக்குப்பம் ரயிலு ரொம்பிடும். போக கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர், வர கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர், வாரத்துக்கு ஆறு நாளு. சீட்டு விளையாடிக்கினே போறவன், நின்னுக்கினே தூங்கறவன், டிபன் பாக்ஸைத் தொறந்து பூண்டு ஊறுகா வாசனையில பெட்டியையே எழுப்பறவன்னு அது ஒரு ஊர்வலம். நாங்க மைனுக்குக் கீழ இறங்கினோம், இவங்க பக்கவாட்டுல இறங்கறாங்க. ரெண்டும் இருட்டுல போயி இருட்டுல வர்ற பொழைப்புதான். ஊரே ஒரு பக்கம் போறப்போ நீ மட்டும் முதுகுல மூட்டையோட எதிர்ப்பக்கமா வர்றே. பாக்கறவங்க, ‘பாவம், நேத்து ராத்திரி கடைசி ரயிலை விட்டுட்டான், நடந்தே வந்துட்டான்’னு உச்சு கொட்டுவாங்க. கொட்டட்டும். அனுதாபத்துக்கு ஒரு டீ கிடைக்கும்.

ஊருக்குள்ள வந்த அப்பால பாரு, அங்கதான் சின்ன நாளு உன்னைக் கவுக்கும். மூணு வேலைக்கு வரிசை இருக்குது: காலு, வயிறு, கடை. இந்த வரிசையை மாத்தாத.

மொதல்ல காலு. பூட்ஸைக் கழட்டு. உப்புப் போட்ட வெந்நியில காலை வை. கொப்புளம் இருந்தா இப்போ பாரு. நடந்துக்கினு இருக்கற வரைக்கும் வலி வாயைத் தொறக்காது, நிறுத்தினதும் ஊரைக் கூட்டும். எட்டாயிரம் ரூவா பூட்ஸுன்னு சொன்னே. வாங்கினவனுக்குப் பெருமை, தைச்சவனுக்குக் கூலி, காலுக்கு மட்டும் கொப்புளம். ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டுப் பக்கம் செருப்புத் தைக்கற பெரியவங்க உக்காந்திருப்பாங்க. அவங்ககிட்ட காட்டு. விலையைச் சொல்லிடாத, பாவம், மனசு ஒடிஞ்சுடுவாங்க.

அப்பால வயிறு. இட்லி, ஒரு வடை, வாழைப்பழம். ஒன்பது மணிக்கு அது போதும். நேரா பிரியாணிக்குப் போனா, பத்து மணிக்கு லாட்ஜ்ல கவுந்தவன் சாயங்காலம் ஆறு மணிக்கு எழுந்து, இது விடிகாலையா அந்தியான்னு தெரியாம பல்லு விளக்குவே. பிரியாணி எங்கியும் ஓடாது. மத்தியானம் சாப்பிடு. ஆனா கடைக்குப் போறதுக்கு முன்னாடி வயித்துக்கு ஏதாவது போட்டுடு. பசியோட மளிகைக் கடைக்குள்ள நுழைஞ்சவன் வாங்கினதைத் தூக்கறதுக்கு ரெண்டு கழுதை வேணும். இங்கருந்து திரும்ப ஆத்துக்கு இறங்கி, ஆந்திரா எல்லைக்குள்ள போகணும். நடுவுல பெட்டிக்கடை இல்லாத தேசமா அது? அவல், வெல்லம், வேர்க்கடலை, உப்பு. அவ்வளவுதான். நூடுல்ஸ் பாக்கெட்டை அடுக்கிக்கினு வந்தே, வாசல்லயே புடுங்கி பேரப்பசங்களுக்குக் கொடுத்துடுவேன்.

லாட்ஜ்ல ஆதார் கேப்பாங்க, ரேகை வைன்னாலும் வைப்பே. வை, தப்பு இல்ல. ஆனா கைரேகை வைக்கறதுன்னா எங்க ஊருக்கு ஒரு பழைய கதை இருக்குது. மைன் வேலைக்காரங்களைப் பதிவு பண்ணி ரேகை எடுக்கணும்னு கம்பெனி சட்டம் போட்டப்போ, ‘நாங்க இன்னா திருடங்களா’ன்னு 1930-ல ஊரே வேலைக்குப் போகாம உக்காந்துச்சு. பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போடறப்போ அவங்களை ஒரு நிமிஷம் நினைச்சுக்கோ. அந்த லாட்ஜ் பையனுக்கும் சொல்லு, அவன் தாத்தாவும் அதுல இருந்திருப்பார்.

இப்போ மணி பதினொண்ணு. காலு கழுவியாச்சு, வயிறு ரொம்பியாச்சு, மூட்டை கட்டியாச்சு. மத்தவன் இந்த நேரத்துக்குத்தான் பேத்தமங்கலத்துல பையை மாட்டறான். உனக்கு முழு ஊரும் மிச்சம். எங்க போறதுன்னு கேட்டா நான் மைனைச் சொல்லமாட்டேன், அது மூடி இருக்குது. மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப் லைன் தெருவுங்கள்ல நட. அயோத்திதாசப் பண்டிதர் 1907-ல ஆரம்பிச்ச ‘தமிழன்’ பத்திரிகை, அவர் 1914-ல போன அப்பால நின்னு போச்சு. அதைத் திரும்ப 1926-லருந்து நடத்தினது எங்க ஊருக்காரங்க, அப்பாதுரையார் ஆசிரியரா இருந்தார். மதராசுல பண்டிதர் புஸ்தகத்தை மறந்து போனப்போ, அச்சுப் போட்டுக் காப்பாத்தினது கீழ இறங்கிக் கல்லு உடைச்சவங்க காசு. தங்கம் எடுத்த ஊருன்னு எல்லாருக்கும் தெரியும். புஸ்தகம் போட்ட ஊருன்னு நடந்து வர்றவனுக்குத்தான் தெரியவேணும்.

தொலைதூரம் வந்தவன் நான்னு மார் தட்டவும் இங்க யோசிச்சுத் தட்டு. 1902-ல காவேரியில சிவசமுத்திரத்துலருந்து கரண்டு எங்க மைனுக்கு 147 கிலோமீட்டர் கம்பியிலயே வந்துச்சு. பெங்களூருக்கு லைட்டு எரிய இன்னும் மூணு வருஷம் ஆச்சு. அந்தக் கரண்டு களைப்புன்னு ஒரு வார்த்தை சொல்லல. 1965-ல நம்ப மைன் ஆழத்துல உக்காந்து விஞ்ஞானிங்க நியூட்ரினோங்கற துகளைப் புடிச்சாங்க. டாடா ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க, ஜப்பான்காரங்க, இங்கிலாந்துக்காரங்க எல்லாம் சேர்ந்து. அந்தத் துகளு வானத்துலருந்து வந்து, பாறை முழுக்கத் துளைச்சுக்கினு, நிக்காம போயிடும். டீகூடக் கேக்காது. நீ பத்து கிலோமீட்டருக்கு மூணு ரீல்ஸ் போடறே.

கடைசி புத்தி, கிளம்பறது. சின்ன நாளுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருக்குது, குட்டி போடும். இன்னைக்குச் சின்ன நாளு, நாளைக்கு ஓய்வு நாளு, நாளன்னிக்கு ‘மழை வர்ற மாதிரி இருக்குது’ நாளு. ஒரு ராத்திரி தங்கினா விருந்தாளி. ரெண்டு ராத்திரி தங்கினா, இந்தத் தெருவுல உனக்குப் பொண்ணு பாக்க ஆரம்பிச்சிடுவாங்க. மூணு ராத்திரி தங்கினா ரேஷன் கார்டுல பேரு ஏறிடும். நாலாவது நாளு மாரிக்குப்பம் ரயில்ல சீசன் டிக்கெட்டோட நிப்பே, கடலு வயலூர்லயே காத்துக்கினு இருக்கும். எவ்வளவு நல்லா இருந்தாலும் மறுநாள் அந்த ரயிலு கூவறதுக்கு முன்னாடி எழுந்துக்கோ. அவங்க மேக்கால போவட்டும், நீ கிழக்கால இறங்கு.

லாட்ஜ் லாட்ஜுன்னு சொல்லிக்கினு இருந்தேனே, அதைத் தப்பா எடுத்துக்கினு ரூம் புக் பண்ணிடாத. தாத்தா வீடு இருக்கறப்போ பேரன் லாட்ஜ்ல படுத்தான்னு தெரிஞ்சா உங்க பாட்டி எனக்குச் சோறு போடமாட்டா. வெந்நி இங்கியே வச்சுத் தர்றேன், இட்லியும் இங்கியே. ஒன்பது மணிக்கு வந்துடு, களைப்பு இல்லாம வா, காலுல கையில தெம்பு மிச்சம் வச்சுக்கினு வா. பின் வாசல் கூரையில தகர ஷீட்டு ரெண்டு ஓட்டையாக் கிடக்குது. ஆளு கேக்கற கூலியைக் கேட்டா மைனைத் திரும்பத் தொறந்தாத்தான் கட்ட முடியும். புது ஷீட்டு நேத்தே வாங்கிச் சுவத்துல சாத்தி வச்சுட்டேன். ஏணியும் பக்கத்து வீட்டுல சொல்லியாச்சு.